காத்துப் பட்டிட்டுது

மூன்றாவது தடவையும் பிழைச்சுப் போன அன்றிரவு, போத்தல் மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "இது காத்துப் பட்டிட்டுது மச்சான்" என்று சொன்னவன், எங்களில் ஆகக் குறைவாகக் கதைக்கிறவன்.

"நீங்கள் ஈஸ்ட்டில பிழை எண்டு தேடிக்கொண்டிருக்கிறியள். ஈஸ்ட் சரி. வாளிக்குள்ள காத்து நிண்டிருக்கு. இனி இது வினாகிரிதான். ஊறுகாய்க்கு வைச்சிருங்கோடா."

உனக்கு என்னண்டு தெரியும் என்று கேட்டோம். பதில் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போயிட்டான்.

முதலில் இருந்து சொல்கிறோம். நாங்கள் ஒரே போர்டிங்கில் இருக்கிற ஐந்து பேர். கலைப்பீடம். பீடத்தில் ஒரு சின்னக் கலைவிழா வந்தது. கடை போட விரும்பும் ஆக்கள் பெயர் தரலாம் என்றார்கள். தந்திட்டம். பெயரைக் கொடுத்த பிறகுதான் என்ன விற்கிறது என்ற யோசனையே வந்தது. ரோல்ஸ், வடை எல்லாம் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். "பியர் காய்ச்சுவம்" என்று ஒருத்தன் பகிடியாகச் சொன்னான். யூடியூப்பில் வெளிநாட்டுப் பொடியள் வீட்டுக் குசினியில் பியர் காய்ச்சுகிற வீடியோக்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் முளைக்கட்டிய பார்லிக்கும் ஹொப்ஸ் பூவுக்கும் யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? அதைவிட, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிக்க முடியாது. பியர் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஜிஞ்சர் பியருக்கு வந்து சேர்ந்தோம். ஐம்பது போத்தல் தருவதாக எழுதியும் கொடுத்தோம்.

பேர்தான் வேறு, உள்ளுக்குள் நடக்கிற வேலை ஒன்று. ஈஸ்ட் சீனியைத் தின்னும். தின்றுவிட்டு அற்ககோலும் காபனீரொட்சைட்டும் விடும். பியரில் அதை வாரக்கணக்கில் நடக்க விடுகிறார்கள். ஜிஞ்சர் பியரில் ஒரு நாள், ஒன்றரை நாளில் குளிருக்குள் வைத்து அதை நித்திரையாக்க வேண்டும். வாயு வந்திருக்கும், அற்ககோல் பேருக்குத்தான் இருக்கும். கேட்க லேசாக இருந்தது.

முதல் தடவை ஒன்றுமே நடக்கவில்லை. இஞ்சியும் சீனியும் போட்டுக் கொதிக்கவைத்து, சூடு ஆற முதலே ஈஸ்ட்டைக் கொட்டினோம். அடுத்த நாள் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. இனிப்பான இஞ்சித்தண்ணி. ஈஸ்ட் பழசு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக ஆயத்தமானோம். பிறகுதான் வாசித்துப் பார்த்தோம். 45 பாகை செல்சியஸுக்கு மேலே போனால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். கடைக்காரரில் பிழை இல்லை, நாங்கள்தான் அவித்துக் கொன்றிருக்கிறோம். தண்ணிக்குள் விரலை விட்டால் சூடு தெரியக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது தடவை ஈஸ்ட் வாங்காமல் இஞ்சியிலிருந்தே எடுப்பம் என்று வெளிக்கிட்டோம். தோல் சீவாத இஞ்சியைத் துருவி, சீனியும் கொதிச்சாறின தண்ணியும் விட்டு, நாளுக்கு ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சீனி என்று போட்டுக்கொண்டு வந்தால் ஐந்தாறு நாளில் தானாக நுரைக்கும். ஈஸ்ட் இஞ்சித் தோலிலேயே இருக்கிறது. தோலைச் சீவினால் அதையும் சேர்த்துச் சீவி எறிகிறோம்.

இந்த இடத்தில்தான் ஹரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரின் பெயர் எங்களுக்குத் தட்டுப்பட்டது. 1880இல் இலங்கைக்கு வந்து, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த இலை நோயை ஆராய்ந்தவர். இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு, அங்கே வீடுகளில் ஜிஞ்சர் பியர் செய்யக் கைமாறிக்கொண்டிருந்த வெள்ளைக் கட்டியை ஆராய்ந்து 1892இல் கட்டுரை வெளியிட்டார். அது ஒரு உயிரி இல்லை, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பற்றீரியாவும் ஒன்றோடொன்று சேர்ந்து வாழ்கின்றன என்று காட்டினார். எங்கள் ஊறல் அந்தக் கட்டி இல்லை. ஆனாலும் கோப்பிக்காக வந்த மனிசன் ஜிஞ்சர் பியரில் போய் முடிந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பிடித்துப்போனது. மூன்று நாள் அதையே கதைத்துத் திரிந்தோம்.

ஊறல் நல்லாக நுரைத்தது. முதல் தடவை ஏமாந்த வீச்சில் சீனியைக் கூட்டிப் போட்டோம். கையில் கிடைத்த பழைய சோஸ் போத்தல்களில் விளிம்பு மட்டும் நிரப்பி, இறுக்கி மூடி, குசினி மூலையில் வைத்துவிட்டுப் படுத்தோம். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில். இரவு ரெண்டு மணிக்கு முதல் போத்தல் வெடித்தது. பிறகு ரெண்டாவது. கண்ணாடி சுவரில் பட்டுத் தெறித்த சத்தம் வேறு.

லைட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தால், வீட்டுக்கார அன்ரி விறாந்தையில் நிற்கிறா. கையில் டோர்ச், தோளில் ஹான்ட்பாக். அதுக்குள் அடையாள அட்டையும் காணி உறுதியும் இருந்தது என்று பிறகு சொன்னா. சத்தம் கேட்டதும் யோசிக்காமலே கை அங்கேதான் போனதாம். நாங்கள் போத்தலைக் காட்டி விளங்கப்படுத்தினோம். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உங்களுக்கென்ன, நீங்கள் பிறகு பிறந்தனியள்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தா. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் வாசிக்கிற உங்களுக்கு ஒரு சொல். வீட்டில் எதைப் புளிக்கவைத்தாலும் கண்ணாடிப் போத்தலை இறுக்கி மூடாதேங்கோ. மெல்லிய கண்ணாடி அந்த அமுக்கத்தைத் தாங்காது. பிளாஸ்ரிக் சோடாப் போத்தல்தான் சரி. மேலே ரெண்டு விரல் இடம் விட வேண்டும். விரலால் அமத்திப் பார்த்தால் உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். கல்லு மாதிரி இறுகினால் உடனே குளிருக்குள் வைக்க வேண்டும்.

மூன்றாவது தடவை வெடிக்கிற பயத்தில் மறுபக்கம் போனோம். போத்தலே வேண்டாம் என்று பெரிய வாளியில் அரைவாசிக்கு ஊற்றி, மேலே துணியைக் கட்டி, மூன்று நாள் விட்டோம். இரண்டாம் நாள் அறை முழுக்கப் புளிச்ச மணம். "தவறணை மாதிரி மணக்குது" என்று ஒருத்தன் தொடங்கினான். இன்னொருத்தன் துவாயைத் தலையில் கட்டி, உடுப்புக் காயப்போடுகிற கயிற்றைக் காலில் சுத்தி, கதவு நிலையைப் பிடித்து ஏறுகிற மாதிரி நடித்தான். "டேய், எனக்கொரு பிளா ஊத்து" என்று கீழே நின்ற நாங்கள் கத்தினோம். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அவன் சிரித்தது எங்களுக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் பிறகு நாங்கள் அதைப் பல தரம் யோசித்துப் பார்த்திருக்கிறோம்.

மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அன்றிரவுதான் அவன் மணந்து பார்த்து, காத்துப் பட்டிட்டுது என்றான்.

கிணத்தடியில் போய் நின்றோம். சாம்பல் போட்டு வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏறி நடித்தவன்தான் திரும்பவும் கேட்டான், "இல்ல, உண்மையா, உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் நிமிரவில்லை. "அண்டைக்கு நீ காலில கட்டினாய் பார் கயிறு, அப்பிடிக் கட்டினா முதல் பனையிலயே விழுந்திடுவாய். தளைநார் கட்டுறது அப்பிடியில்லை."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் தேய்க்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

இரண்டு வருசம் ஒரே அறையில் படுத்திருக்கிறோம். அப்பா என்ன வேலை என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்டிருக்கிறோம். அவன் "சங்கத்தில" என்றான். பொய் இல்லை. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் அவனுடைய அப்பா அங்கத்தவர். நாங்கள் மேசை, கதிரை, கணக்குப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டோம். போர்டிங்குக்கு வந்த முதல் நாள் அன்ரி எல்லோரிடமும் கேட்ட மாதிரி அவனிடமும் கேட்டா, "தம்பி எந்த ஊர்? ஊருக்குள்ள எவடம்?" அவன் சந்தியின் பெயரைச் சொன்னான், குறிச்சியின் பெயரைச் சொல்லவில்லை. "எவடம்" என்ற கேள்வி எதைக் கேட்கிறது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்றைக்கு அந்தக் கேள்வி எங்களுக்குக் கேள்வியாகவே படவில்லை. பயப்பிடாமல் பதில் சொல்லக்கூடிய ஆக்களுக்கு அது முகவரி கேட்கிற மாதிரித்தான் இருக்கும்.

இத்தனைக்கும் இதெல்லாம் நாங்கள் பரீட்சைக்குப் படித்த விஷயம். சாதியைக் காட்டி ஒருவரைக் கடையிலோ கோயிலிலோ தடுப்பதைக் குற்றமாக்கி 1957இல் வந்த சட்டம், 1960களில் தேநீர்க்கடைகளில் நடந்த போராட்டங்கள், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல், எல்லாவற்றுக்கும் குறிப்பு இருக்கிறது. கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறோம். அந்தக் குறிப்புக் கொப்பிகள் இருந்த மேசைக்குப் பக்கத்தில்தான் கயிற்றைக் காலில் கட்டி ஆடினோம்.

ஏறி நடித்தவன் மன்னிப்புக் கேட்டான். "விடு மச்சான். வாளிக்கு முதல் சுடுதண்ணி விடுங்கோ" என்றான் அவன்.

அன்றிரவும் அடுத்த நாளும் அவன் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பாளையைச் சீவிக் கட்டுகிற முட்டிக்குள் வடிகிற சாறு இனிப்பு. அது மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். முட்டியில் பழைய கள்ளின் மிச்சம் ஒட்டியிருந்தால் இன்னும் கெதியாகப் புளிக்கும். முட்டியின் உட்பக்கத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது கருப்பணி. கருப்பணியைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை, சுண்ணாம்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். சுண்ணாம்பு போட்டால் சாறு காரத்தன்மையாகும், ஈஸ்ட்டும் பற்றீரியாவும் அதில் பெருக முடியாது என்று எங்கள் விஞ்ஞானப் புத்தகம் சொல்லும். அவனுடைய அப்பா அதை அளவு பார்த்துத் தடவுகிறவர். கூடினால் பனங்கட்டி ருசி கெடும், குறைஞ்சால் சாறு புளிச்சுப்போகும். காலையும் பின்னேரமும் ஏறி இறங்குகிற ஒருவருக்கு அந்த அளவு கையில் இருக்கிறது.

"கள்ளும் வைச்சிருந்தா இப்பிடித்தான். காத்துப் பட விட்டா அடுத்த நாள் வாயில வைக்கேலாது" என்றான்.

பிரான்சில் லூயி பாஸ்டர் 1876இல் பியரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். பியர் தானாகக் கெட்டுப்போவதில்லை, வேண்டாத நுண்ணுயிர்கள் உள்ளே வருவதால்தான் கெடுகிறது என்பது அதன் சாரம். எங்கள் வாளிக்குள் வந்தவை அசற்றிக் அமிலப் பற்றீரியாக்கள். அவைக்கு ஒட்சிசன் வேண்டும். அரைவாசி நிரப்பிய வாளியும் மெல்லிய துணியும் அவைக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. ஈஸ்ட் செய்து வைத்த அற்ககோலை அவை வினாகிரி ஆக்கிவிட்டன. பாஸ்டரை நாங்கள் பிறகு தேடி வாசித்தோம். மணந்து பார்த்துச் சொன்னவன் எங்களுக்குப் பக்கத்துப் பாயில் இரண்டு வருசமாகப் படுத்திருந்தவன்.

நான்காவது தடவை அவன் சொன்ன மாதிரிச் செய்தோம். இரண்டு லீற்றருக்குக் கணக்குச் சொல்கிறோம். 100 கிராம் இஞ்சி, 250 கிராம் சீனி, நாலு கராம்பு, தண்ணியில் கொதிக்கவைத்து முழுதாக ஆறவிட வேண்டும். வடித்து, இரண்டு தேசிக்காய்ப் புளி, அரைக் கோப்பை இஞ்சி ஊறல். கழுவி, சுடுதண்ணியில் அலசிய பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி, சில முந்திரிகை வத்தலைப் போட்டு மூடி, நிழலில் வைக்க வேண்டும். வத்தல் அடியில் கிடக்கும். வாயு பிடித்ததும் மேலே மிதக்கும். எங்கள் வெக்கைக்கு ஒரு நாள் போதும். பிறகு குளிருக்குள்.

மற்றப் பிழைகளுக்கும் அவனிடம் பதில் இருந்தது, இல்லாததுக்குத் தேடினோம். போத்தல் இறுகவே இல்லையென்றால் மூடியைப் பார்க்க வேண்டும், பழைய மூடி வாயுவை விட்டுவிடும். கூழ்முட்டை மணம் லேசாக வந்தால் ஈஸ்ட் கஷ்டப்படுகிறது, பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஊறலின் மேல் வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் அள்ளி எறிந்துவிட்டுப் பாவிக்கலாம். பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் அது பூஞ்சணம். யோசிக்காமல் முழுவதையும் கொட்ட வேண்டும். பாண் மணம் தூக்கலாக இருந்தால் ஈஸ்ட் கூடிவிட்டது. ஊற்றும்போது அடியில் படிந்ததைக் கலக்காமல் ஊற்ற வேண்டும்.

அவன் ஒவ்வொரு போத்தலையும் காதில் வைத்துக் கேட்டான். நாங்களும் வைத்துப் பார்த்தோம். சின்னச் சின்ன இரைச்சல், மழை தூரத்தில் வருகிற மாதிரி.

விழாவுக்கு ஐம்பது போத்தலையும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோனோம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. ஆர் செய்தது என்று கேட்டவர்களுக்கு "நாங்கள்தான்" என்றோம். அவன் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து போத்தல் எடுத்துத் தந்துகொண்டிருந்தான்.

ஒரு போத்தலை அன்ரிக்கென்று ஒளித்துக் கொண்டுவந்தோம். தன்னுடைய கிளாசில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "அட, நல்லாயிருக்கே. ஆற்ற கைப்பக்குவம் இது?" என்று கேட்டா. ஐந்து பேரும் நின்றோம். ஒரு கணம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவன்தான் சொன்னான், "எல்லாரும் சேர்ந்துதான் அன்ரி."

அன்றிரவு அதைப் பற்றிச் சண்டை வந்தது. அவன்தான் செய்தவன் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள் இரண்டு பேர். அடுத்த கேள்வி "எங்க பழகினாய் தம்பி" என்று வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவன், நாங்கள் இல்லை என்றான் இன்னொருத்தன். எங்கள் "நாங்கள்" அவனைக் காப்பாற்றியதா, மறைத்ததா? அவனுடைய அறிவை ஐந்தாகப் பங்குபோட்டு நாலு பங்கை எடுத்துக்கொண்டதா? அவன் சண்டையில் சேரவில்லை. படுத்திட்டான். இந்தக் கட்டுரையிலும் "நாங்கள்" என்று எழுதியிருக்கிறோம். சில இடத்தில் அது ஐந்து பேர், சில இடத்தில் நாலு பேர். எந்த இடத்தில் யார் என்பது வாசிக்கும்போது தெரியும் என்று நினைக்கிறோம்.

எழுதி முடித்து முதலில் அவனிடம்தான் கொடுத்தோம். வேண்டாம் என்றால் போடமாட்டோம் என்றோம். மாமரத்துக்குக் கீழே இருந்து ஆறுதலாக வாசித்தான். முதல் எழுதினதில் அவனுடைய ஊர்ப் பெயர் இருந்தது.

"ஊரை எடுத்துவிடுங்கோ. அங்க அம்மாக்கள் இருக்கினம்."

எடுத்துவிட்டோம்.

அப்பா வருகிற இடத்தில் நாங்கள் பயந்து "சங்கத்தில் வேலை செய்பவர்" என்று மட்டும் எழுதியிருந்தோம். அதில் விரலை வைத்தான்.

"இதை மாத்து. சங்கத்தில வேலை எண்டு நான் சொன்னது காணும். மரம் ஏறுறவர் எண்டு எழுது."

தாளைத் திருப்பித் தந்துவிட்டு எழும்பினவன் திரும்பி வந்தான்.

"போத்தலை ரெண்டு நாளுக்கு மேல வெளியில வைக்க வேண்டாம் எண்டும் எழுதுங்கோ. ஆரும் வெடிக்க வைச்சிட்டு எங்களைப் பேசப் போகினம்."